கந்தம்மாள் மகளிடம் போய்ச் சேர்ந்த விதம்

கந்தம்மாளை அவள் மகள் கனடாவுக்கு அழைத்திருக்கிறாள் என்ற செய்தி கல்லாங்காட்டுக்குப் போலீஸ் மூலமாகத்தான் வந்தது. வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். விசாரிக்க வந்த ஏட்டு ஊர் முனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "கந்தம்மாள்ங்கறது யாருங்க?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெத்த பையன் கையை வெட்டுனவ" என்றார் ஒருவர். "இப்ப இங்க இல்லீங்க. ஜேடர்பாளையம் ரோட்டுல ஒரு கோழிப்பண்ணையில கெடக்கறா."

வெட்டியது உண்மைதான். ஆனால் ஊர் அதில் பாதியைத்தான் சொல்லும்.

அவளுக்கு இப்போது அறுபது வயது. ராசிபுரம் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் கல்லாங்காட்டுச் சென்னிமலைக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டரை ஏக்கர் காடு, ஒரு கிணறு, இரண்டு எருமை. சென்னிமலை திருச்செங்கோட்டு ரிக் லாரியில் டிரைவர். வடநாட்டுக்குப் போர்வெல் போடப் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவான். வந்த முதல் வாரம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம், இரண்டாவது வாரம் கந்தம்மாளுக்கு அடி. மூன்றாவது வாரம் மறுபடியும் லாரி ஏறிவிடுவான். மகன் ரமேஷ்குமாருக்குப் பதினாலும் மகள் சௌந்தர்யாவுக்கு ஒன்பதும் ஆனபோது, சத்தீஸ்கரில் ஒரு மேட்டில் ரிக் சாய்ந்து அவன் நசுங்கிச் செத்தான். உடலைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஆம்பிளை என்று வந்து நின்றவன் சென்னிமலையின் தம்பி அப்புசாமி. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி எந்த ஜவ்வரிசி மில்லுக்குப் போக வேண்டும், ரமேஷ்குமார் எந்த ரிக்கில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவன் சொல்வதுதான். ஒரே ஒரு விஷயத்தில் கந்தம்மாள் பிடிவாதமாக நின்றாள். சௌந்தர்யா படிக்க வேண்டும். அதற்காக அப்புசாமியிடம் கன்னத்தில் ஒரு அறை வாங்கினாள். வாங்கிக்கொண்டு மறுநாளே மகளைத் திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்துவிட்டு வந்தாள்.

கந்தம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளைகளை எருமை ஓட்டுகிற குச்சியால் விளாசுவாள். சௌந்தர்யாவின் முழங்காலுக்குக் கீழே அந்தக் குச்சியின் தழும்பு இன்னும் இருக்கிறது.

கடைசி வருஷப் படிப்பில் சௌந்தர்யா, கூடப் படித்த குமரனை விரும்பினாள். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் ஒருவரின் மகன். சாதி வேறு. அதற்குமேல் ஒரு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாலு மாசி மாதம், அவளுடைய போனில் இருந்த ஒரு படத்தை ரமேஷ்குமார் பார்த்துவிட்டான். அன்றைக்கு முதல் அடி அடித்தது கந்தம்மாள்தான். இதை அவளே பிற்பாடு கோர்ட்டில் சொன்னாள். விளக்குமாற்றுக் கட்டை முறியும்வரை அடித்தாள். "படிக்க வெச்சதுக்கு இதுதானாடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அடுத்த நாள் அப்புசாமி வந்து சௌந்தர்யாவின் தலைமுடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, அவளை உள்ளறையில் தள்ளிப் பூட்டினான். கந்தம்மாள் தடுக்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் புத்தி வரும் என்று அவளும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியான நேரம். கந்தம்மாள் கட்டுத்தரையில் உட்கார்ந்து எருமைக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து கிழங்குக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் நெடி வந்தது. காட்டில் யாரும் மருந்து அடிக்கவில்லை. கையில் கொடுவாளோடு அப்படியே எழுந்து போனாள்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. சௌந்தர்யா தரையில் மல்லாந்து கிடந்தாள். அவள் நெஞ்சின்மேல் ரமேஷ்குமாரின் முழங்கால். அவனுடைய வலது கை அவள் தாடையை நெம்பிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் அப்புசாமி குந்தியிருந்தான். அவன் கையில் சொம்பு.

"உட்றா அவளை" என்றாள் கந்தம்மாள்.

"நீ வெளிய போ" என்றான் அப்புசாமி. "இது முடியட்டும். தூக்குப் போட்டுக்கிட்டாள்னு சொன்னாப் போலீசு தோண்டும். மருந்து குடிச்சாள்னா ஊரே நம்பும்."

"ரமேசு, கையை எடுறா சாமி. உன்ற தங்கச்சிடா."

ரமேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. சொம்பு சாய்ந்தது. வெள்ளையாக ஒரு கோடு சௌந்தர்யாவின் உதட்டில் விழுந்தது.

கந்தம்மாள் வெட்டினாள்.

இரண்டு விரல் அந்த இடத்திலேயே விழுந்தது. கொடுவாள் உள்ளங்கைக்குள் பாதிவரை இறங்கியிருந்தது. ரமேஷ்குமார் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பிடித்து, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். சொம்பு உருண்டது. சௌந்தர்யா துப்பிக்கொண்டே எழுந்தாள். "ஓடு" என்று கந்தம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். செருப்பில்லாமல், ஒட்ட வெட்டிய தலையோடு, அண்ணன் ரத்தம் தெறித்த சுடிதாரோடு அவள் கிழங்குக் காட்டுக்குள் புகுந்து ரோட்டுக்கு ஓடினாள். ஈரோட்டுப் பஸ் ஒன்று வந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அப்புசாமி அவளைத் துரத்தப் பாய்ந்தான். கந்தம்மாள் வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொண்டாள். கொடுவாளை அவன் பிடுங்கி வீசினான். மண்வெட்டியின் காம்பைக் கழற்றி அவளை அடித்தான். முதல் அடியிலேயே வலது முழங்கால் உடைந்தது. பிறகு விலாவில். அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். கையை விடுவிக்க விரல்களின்மேல் அடித்தான். பஸ் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவும் மகனும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். அப்புசாமி முந்திக்கொண்டு புகார் கொடுத்தான். நிலத் தகராறில் மகனை வெட்டினாள், தப்பி ஓடும்போது கிணற்று மேட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்பது புகார். வார்டுக்கு வந்த போலீஸ்காரரிடம் கந்தம்மாள் மருந்து என்று ஆரம்பித்தாள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. மருந்துன்னு எழுதுனா உங்க கொழுந்தன் மட்டுமில்ல, உங்க பையனும் கொலை முயற்சியில உள்ள போவான். கையும் போயி, ஜெயிலுக்கும் போவான். பரவாயில்லையா?"

சாயங்காலம்தான் கந்தம்மாள் அவரைக் கூப்பிட்டு, "நிலத் தகராறுன்னே எழுதிக்குங்க" என்றாள். கட்டுப் போட்ட விரல்களால் பேனா பிடிக்க முடியாமல், மை பூசிக் கைநாட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு நாள் சேலத்துப் பெண்கள் சிறை. இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல் கலைமணி என்கிற இளம்பெண் ஜாமீன் எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனால் அப்புசாமி பூட்டுப் போட்டு வைத்திருந்தான். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை கிடைத்தது. பண்ணைக்குள்ளேயே தகரம் போட்ட ஒரு அறை. பக்கத்து அறையில் பாப்பாயி என்றொருத்தி. சண்டைக்கு அஞ்சாதவள், யாரோடும் அண்டாதவள். ஆனால் கந்தம்மாளோடு ஒட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டு வருஷம் ரமேஷ்குமார் குடித்துவிட்டு அங்கே வருவான். ரிக் வேலை போயிருந்தது. விரல் இல்லாத கையால் பைப் பூட்ட முடியாது. தகரக் கதவை உதைத்துத் திறந்து அவளை இழுத்துப்போட்டு அடிப்பான். மிச்சமிருந்த விரல்கள் மடங்காது. அந்தக் கையாலேயே அறைவான். மரக்கட்டையால் அடிப்பதுபோல் விழும். அவள் தடுக்க மாட்டாள். பாப்பாயி ஒருமுறை கம்பியோடு வந்தபோது, "நீ போ பாப்பாயி, இது எனக்கும் அவனுக்கும்" என்று அனுப்பிவிட்டாள். அடித்து ஓய்ந்ததும் அவன் வாசலில் உட்கார்ந்திருப்பான். சோறு போட்டுக் கொடுத்தால் தொட மாட்டான். மூன்றாவது வருஷத்திலிருந்து வருவதை நிறுத்திவிட்டான்.

சௌந்தர்யா முதலில் பெங்களூரிலிருந்து வக்கீல் போன் வழியாகப் பேசினாள். குமரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் கனடா போனார்கள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது, நித்யஸ்ரீ. வாரம் ஒருமுறை போன். என்ன சமைத்தாய், குழந்தைக்குப் பல் முளைத்ததா என்ற பேச்சுத்தான். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

வெட்டு நடந்து ஒன்பது வருஷம் கழித்து ஒரு நாள் காலையில், முட்டை அட்டையைச் சுமந்து வரும்போது போன் அடித்தது.

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் சௌந்தர்யா. "இங்க பெத்தவங்களைக் கூட்டிக்கறதுக்கு எழுதிப் போட்டிருந்தேன். குலுக்கல்ல எடுப்பாங்க. இத்தனை வருசமா வரலை. இப்ப நமக்கு வந்திருச்சு."

"எத்தனை நாளைக்கு சாமி?"

"நாள் கணக்கு இல்லீங்மா. எப்பவுமே. நீங்க திரும்பிப் போகவே வேண்டாம்."

கந்தம்மாள் முட்டை அட்டையை இறக்கி வைத்தாள். "அங்க எருமை வளர்க்கறாங்களா?" என்று கேட்டாள். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கலைமணி கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தாள். மனுவும் போட்டாயிற்று. பிறகுதான் போலீஸ் சான்று கேட்டார்கள், ஏட்டு விசாரித்துவிட்டுப் போனார், பதில் வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் சான்று இல்லை.

கலைமணி வழக்குக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினாள். வழக்கு இத்தனை வருஷமும் நகரவே இல்லை. ரமேஷ்குமார் சாட்சி சொல்லவே வரவில்லை. இப்போது கோர்ட்டில் கேட்டு வேகப்படுத்தலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் கந்தம்மாள் தப்பிக்க முடியும்.

"இன்னொரு உசுரைக் காப்பாத்த வெட்டுனா அது குத்தமில்லைங்கம்மா. சட்டத்துல இடம் இருக்கு. சௌந்தர்யா அங்கிருந்தே வீடியோவுல சாட்சி சொல்றேங்கறாங்க."

"அப்பறம் ரமேசு?"

கலைமணி வழக்குக் கட்டை மூடினாள்.

"அம்மிணி, வெட்டுனேன்னு ஒத்துக்கறேன். அந்த மருந்து மட்டும் வேண்டாம்."

"அப்படின்னா தண்டனைங்கம்மா. கனடா கிடையாது."

"அவ நல்லா இருக்கறா. இவன் இங்க கெடந்து சாவறான். இவனை எப்படி அம்மிணி நான் உள்ள தள்ளுவேன்?"

இந்தச் சங்கதி சௌந்தர்யாவுக்குத் தெரிந்து போனில் பெரிய சண்டை. "என்னைக் கொல்ல வந்தவனுக்காக என்னை உட்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். ஒரு மாதம் பேசவில்லை.

ஏட்டு கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அப்புசாமிக்கு நிலைகொள்ளவில்லை. வழக்கு நகர்ந்தால் மருந்து வெளியே வரும் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஆட்களோடு பண்ணைக்கு வந்தான். கூண்டுகளுக்கு நடுவில் கந்தம்மாளின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனான். தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே கிழித்தான். போனைக் கல்லில் வைத்து நசுக்கினான்.

"கனடாவா கேக்குது உனக்கு? இந்தப் பண்ணைக் குழியில உன்னைக் கோழியோட கோழியாப் பொதைச்சுட்டுப் போவேன்."

இரும்புக் குழாயால் முதுகில் அடித்தான். ஏற்கெனவே உடைந்திருந்த காலையே குறிபார்த்து மிதித்தான். கூண்டுக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கத்தின. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கோழிகள் அப்படிக் கத்துவதைக் கேட்டு, நாய் புகுந்துவிட்டதென்று நினைத்துப் பாப்பாயியும் நான்கு பெண்களும் ஓடிவந்தார்கள். பாப்பாயி தரையில் தூவ வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை இரண்டு கையிலும் அள்ளி அப்புசாமியின் முகத்தில் அடித்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். மற்றவர்கள் எச்சம் சுரண்டுகிற கம்பிகளால் வெளுத்தார்கள். கூட வந்த இரண்டு பேரும் அவனை விட்டுவிட்டுப் பைக்கில் பறந்தார்கள். அப்புசாமி வேலிக் கம்பியில் உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறினான்.

புதுப் பாஸ்போர்ட் எடுக்க ஏழெட்டு மாதம் ஆனது. கலைமணி கனடாவுக்கு எழுதி அவகாசம் வாங்கினாள். இதற்குள், வழக்கை வேகப்படுத்தச் சொல்லி அவள் கேட்டிருந்தபடி கோர்ட்டில் நாள் குறித்து, ரமேஷ்குமாருக்குப் பிடிவாரண்டு போனது.

அவன் அப்போது திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஷெட்டில் வாட்ச்மேன். கட்டிய பெண் ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கல்லாங்காட்டு நிலத்தை அப்புசாமி அவனிடம் கையெழுத்து வாங்கித் தன் பெயருக்கு மாற்றி விற்றிருந்தான். சாட்சிக்குப் போகிற வாரத்தில் ரமேஷ்குமார் அவனைத் தேடிப்போய் நிலத்தைப் பற்றிக் கேட்டான். அப்புசாமி ரோட்டில் பத்துப் பேர் பார்க்க லாரிச் சங்கிலியால் அவனை அடித்தான். "நொண்டிக்கை நாயே, உன்னை வெச்சுத் தங்கச்சியைக்கூட முடிக்க முடியல. உனக்கெல்லாம் நெலம் ஒரு கேடா?" என்று கேட்டான். புருவம் கிழிந்து ஏழு தையல் போட்டார்கள்.

அந்தத் தையலோடுதான் அவன் சாட்சிக் கூண்டில் ஏறினான். அப்புசாமி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். குற்றவாளிக் கூண்டில் கந்தம்மாள், கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

அரசு வக்கீல் கேட்டார். "எதற்காக உங்கள் தாயார் உங்களை வெட்டினார்?"

ரமேஷ்குமார் பின்வரிசையைப் பார்த்தான். பிறகு நீதிபதியைப் பார்த்தான்.

"என்ற தங்கச்சி வாயில மருந்து ஊத்தறதுக்கு நான் புடிச்சிட்டிருந்தனுங்க. அதுக்குத்தான் வெட்டுனாங்க."

அரசு வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"மருந்தை யார் வெச்சிருந்தது?"

"எங்க சித்தப்பன் அப்புசாமிங்க. அதா, அங்க உக்காந்திருக்கறார்."

அப்போது யாரும் எதிர்பார்க்காதபடி கந்தம்மாள் கூண்டிலிருந்து கத்தினாள். "பொய்யிங்க! எசமான், அவன் பொய் சொல்றான். மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நெலத் தகராறுலதான் வெட்டுனேன். அவனுக்குப் புத்தி சரியில்லீங்க!"

கலைமணி அவள் கையைப் பிடித்து அமர்த்தப் பார்த்தாள். கந்தம்மாள் உதறினாள். "ரமேசு, இல்லைன்னு சொல்றா. வேண்டாம்டா சாமி, இல்லைன்னு சொல்லிரு!"

நீதிபதி மேசையைத் தட்டினார். ரமேஷ்குமார் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, எந்த விரல் தங்கையின் வாய்க்குள் இருந்தது, எந்த விரல் தாடையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். விழுந்துபோன இரண்டு விரல்களைச் சொல்லும்போது அந்த வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினான். அதற்குள் அப்புசாமி எழுந்து வெளியே போய்விட்டான்.

கந்தம்மாளைக் கூண்டில் விசாரித்தபோதும் அவள் மகனைக் காட்டிக் கொடுக்கவில்லை. மகளை முதலில் தான் அடித்ததைச் சொன்னாள், வெட்டியதைச் சொன்னாள். மற்றதற்கெல்லாம் "ஞாபகமில்லீங்க" என்றாள். ஆனாலும் மூன்று மாதம் கழித்து வந்த தீர்ப்பில் அவளுக்கு விடுதலை. மகளின் உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் வெட்டினாள் என்றும், மற்ற இருவர்மேல் வழக்குப் பதிய வேண்டும் என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அப்புசாமியை ஒடிசாவில் ஒரு ரிக் லாரிக்குள் வைத்துப் பிடித்தார்கள். ரமேஷ்குமார் தானாகப் போய்ச் சரணடைந்தான்.

கந்தம்மாள் சிறைக்கு மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இளைத்திருந்தான். குடி இல்லாததால் கண் தெளிந்திருந்தது.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள்.

"உனக்காகச் சொல்லலை. அப்படி ஒண்ணும் நெனைச்சுக்காத."

"தெரியும்டா."

"அவளுக்காகவும் இல்லை. அந்தாளு வெளிய சுத்தக் கூடாது. அதுக்கு நான் உள்ள வந்தாத்தான் ஆகும்னா, வாரேன்னுதான் சொன்னேன்." புருவத்துத் தழும்பைத் தேய்த்துக்கொண்டான். "எப்பப் போற?"

"தெரியல. டாக்டர் பாக்கணுமாம்."

"போயிரு. சும்மா இங்க வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை நடந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எப்பங்கம்மா விழுந்தீங்க? இத்தனை இடத்துல உடைஞ்சு தானா ஒட்டியிருக்கே" என்றார்.

"விழுகலீங்க. அடிச்சாங்க."

"யாரு?"

"எதுன்னு கேளுங்க, சொல்றேன்" என்றாள். முழங்காலுக்குக் கொழுந்தன், இடது மணிக்கட்டுக்குப் புருஷன், காறை எலும்புக்கு மகன் என்று அவள் தொட்டுத் தொட்டுச் சொல்ல, டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

தை மாதக் கடைசியில் அவள் விமானம் ஏறினாள். பாப்பாயி கோயம்புத்தூர்வரை வந்து வழியனுப்பினாள். அந்தப் பக்கம் இறங்கியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து மகளைப் பார்க்கிறாள். சௌந்தர்யா கொஞ்சம் பருத்திருந்தாள். முடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. கந்தம்மாள் முதலில் அந்த முடியைத்தான் தொட்டாள். இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். குமரனும் நித்யஸ்ரீயும் பெட்டிகளோடு நின்றார்கள்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது வாரம் கலைமணியிடமிருந்து ஒரு காகிதம் வந்ததைச் சௌந்தர்யா அம்மாவின் போனில் பார்த்துவிட்டாள். ரமேஷ்குமாரை ஜாமீனில் விடத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று, புறப்படுவதற்கு முன்னால் கந்தம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

சௌந்தர்யா சமையலறையில் நின்றிருந்தாள். கையிலிருந்த பீங்கான் தட்டைச் சுவரில் வீசினாள். அடுத்த தட்டையும் வீசினாள். ஒரு சில்லு கந்தம்மாளின் புறங்கையைக் கிழித்தது. குழந்தை மாடிக்கு ஓடியது.

"பாருங்க!" சௌந்தர்யா உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். கீழ்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. "அவன் நெம்புனதுல உடைஞ்சது. பன்னெண்டு வருசமா இதைக் கட்டாம வெச்சிருக்கேன். ஏன் தெரியுமா? மறந்துரக் கூடாதுன்னு. நீங்க அவனுக்குக் கையெழுத்துப் போடறீங்க!"

"நீ மறக்க வேண்டாம்."

"அப்பறம்?"

"நீ சாட்சி சொல்லு. பல்லு உடைஞ்சதைச் சொல்லு. எதையும் உடாத. நான் குறுக்க வர மாட்டேன்." கந்தம்மாள் ரத்தம் வந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "ஆனா அவன் கையை வெட்டுனது நான் சாமி. உனக்காக வெட்டுனேன், மறுபடியும் வேணும்னாலும் வெட்டுவேன். அதுக்காக அது வலிக்காமப் போயிருமா? அதை உன்னால தூக்க முடியாது. நான்தான் தூக்கணும்."

"உங்களை இங்க கூட்டிட்டு வர நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?"

"தெரியும். நானும் சும்மா வரலை."

குமரன் வந்து தரையைப் பெருக்கினான். ஐந்து நாள் அந்த வீட்டில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் சௌந்தர்யா அம்மாவின் புறங்கைக் காயம் சீழ் வைத்திருப்பதைப் பார்த்து, திட்டிக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

பங்குனியில், அண்ணன்மேலும் சித்தப்பன்மேலும் போட்ட வழக்கில் சௌந்தர்யா வீடியோவில் சாட்சி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணனின் முழங்கால், அண்ணனின் விரல், சித்தப்பனின் சொம்பு எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கு விசாரணையில், "உங்கள் அண்ணன் அப்போது என்ன நிலையில் இருந்தார்?" என்று கேட்டார்கள். "அழுதுக்கிட்டிருந்தான்" என்றாள். "அழுதுக்கிட்டேதான் புடிச்சிருந்தான்."

கந்தம்மாள் அடுத்த அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டது.

வழக்கு இன்னும் முடியவில்லை. ரமேஷ்குமாருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை, அப்புசாமிக்கும் இல்லை. கந்தம்மாள் காலையில் பேத்தியைப் பனியில் பள்ளி பஸ் நிற்கிற இடம்வரை கூட்டிப் போகிறாள். வழுக்கும் என்று மகள் ஒரு ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கலைமணிக்குப் போன் செய்து மகனைப் பற்றி விசாரிக்கிறாள். அப்போது சௌந்தர்யா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். பேசி முடித்ததும் திரும்பி வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்காமல், அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள்.